புவி சூடாவதில் மக்கள்தொகைக்கு எவ்வளவு பங்கு?

புதுச்சேரி இலாசுப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். அவர் கல்லூரியில் நடந்த விவாத அரங்கில் ஓர் அணி, பூமி தாங்கும் அளவைவிட மனிதர்கள் பெருகிவிட்டார்கள், மக்கள்தொகையைப் பேசாமல் பருவநிலை மாற்றத்தைப் பேசுவது வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் தெளிப்பது என்று வாதிட்டதாம். எதிரணி, மக்கள்தொகை என்ற பேச்சே பணக்கார நாடுகள் தங்கள் பழியை ஏழை வீட்டுத் தொட்டிலில் கிடத்தும் ஏற்பாடு என்றதாம். நடுவர் இரண்டு அணிக்கும் சம மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டிலோ, திருமணமாகி நான்கு ஆண்டுகளான அக்கா, பருவநிலையைக் காரணம் காட்டிக் குழந்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி என்பது கேள்வி.

நான் கடலூரில் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 1991, 2001, 2011 ஆகிய மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன். அந்த நடுவரைப் போல இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பருவநிலையைக் கெடுத்ததில் மக்கள்தொகையின் பங்கு முதல் அணி நினைப்பதைவிடச் சிறியது. கெட்டுப்போன பருவநிலையால் யார், எத்தனை பேர், எவ்வளவு துன்பப்படுவார்கள் என்பதில் அதன் பங்கு எதிரணி நினைப்பதைவிடப் பெரியது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் இந்தச் சச்சரவு ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் அணியின் கையில் ஒரு வலுவான கணக்கு இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. 1950-இல் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 250 கோடி; நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தும் சிமெண்ட் தயாரித்தும் அந்த ஆண்டு வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 600 கோடி டன். 2022 நவம்பரில் மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது; உமிழ்வு இப்போது ஆண்டுக்கு 3,700 கோடி டன்னை ஒட்டி நிற்கிறது. உமிழ்வு ஆறு மடங்கு ஆகியிருக்கிறது. மக்கள்தொகை மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஆகியிருக்கிறது. தலைக்கு உமிழும் அளவு இரண்டு மடங்கை நெருங்கியிருக்கிறது. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. ஆகவே வளர்ச்சியில் பெரிய பங்கு மக்கள்தொகையுடையது என்று அந்த அணி சொன்னால், காகிதத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாது. பாதிப்பு என்பது மக்கள்தொகை, வசதி, தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கல் தொகை என்று பால் எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த வாய்பாடும் இதே தர்க்கம்தான். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவும் தன் ஆறாவது மதிப்பீட்டில், அண்மைப் பத்தாண்டில் உமிழ்வைக் கூட்டிய முதன்மைக் காரணிகளாகத் தலா வருமான வளர்ச்சியையும் மக்கள்தொகை வளர்ச்சியையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மக்கள்தொகைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று மேடையில் முழங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் அந்தப் பெருக்கல் உலகத்தை ஒரே வீடாகப் பாவிக்கிறது. ஒரு தெருவில் பத்து வீடுகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். ஒரு வீட்டில் நாள் முழுதும் ஐந்து குளிரூட்டிகள் ஓடுகின்றன. மற்ற ஒன்பது வீடுகளிலும் ஒவ்வொரு மின்விசிறி. மின்விசிறி வீடுகளில் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்க, குளிரூட்டி வீட்டுக்காரர் மேலும் ஐந்து வாங்குகிறார். ஆண்டு முடிவில் தெருவின் மொத்த மின்செலவை மொத்தத் தலைகளால் வகுத்தால், பிறந்த குழந்தைகள்தான் பாதிச் செலவுக்குக் காரணம் என்று விடை வரக்கூடும். வகுத்தலில் தவறில்லை, வகுத்த இடம்தான் தவறு. உலகத்திலும் இதுவே நடக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் உலக மக்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் வாழ்கிறார்கள். மக்கள்தொகை மிக வேகமாக வளர்வதும் அங்கேதான். ஆனால் உலக உமிழ்வில் அதன் பங்கு 4 விழுக்காட்டு அளவில்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக் காலம் முதல் இன்றுவரை காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒரு நாட்டினுடையது. அங்கே வாழ்வோர் உலக மக்களில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான். இந்தியரின் தலா உமிழ்வு ஆண்டுக்கு 2 டன் அளவு, அமெரிக்கருடையது 14 டன்னுக்கு மேல். நம்மில் ஒருவர் ஓர் ஆண்டில் விடும் புகையை அங்கே ஒருவர் இரண்டே மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்.

தொலைதூரக் கணக்கு மனத்தில் தங்காது என்பதால் நம் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். 1971-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெற்ற குழந்தைகள் 3.9. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992–93-இல் அது 2.5, 2005–06-இல் 1.8. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள வேண்டிய அளவு 2.1 என்பதால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டோம். 2019–21 ஆய்வில் புதுச்சேரி 1.5. பிறப்பு இப்படிக் குறைந்த அதே முப்பது ஆண்டுகளில் புகை குறைந்ததா? நெய்வேலியில் நிலம் இன்னும் ஆழமாகத்தான் தோண்டப்பட்டது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது தென்பட்ட பழுப்பு நிலக்கரி, 1956-இல் நிறுவனமாகி, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பாதி எடை ஈரமாக இருக்கும் அந்த நிலக்கரி, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கருநிலக்கரியைவிடக் கூடுதலாகப் புகையைத் தருவது. அந்த மின்சாரத்தின் தேவை ஆண்டுக்காண்டு ஏறியதே தவிர இறங்கவில்லை. 1990-இல் 87 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 2023-இல் 143 கோடி, அதாவது 1.6 மடங்கு; நாட்டின் உமிழ்வு அதே காலத்தில் ஏறத்தாழ 60 கோடி டன்னிலிருந்து 300 கோடி டன், அதாவது 5 மடங்கு. மீதி மூன்று மடங்கு வசதியிலிருந்து வந்தது. இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் பீகாரைப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு மூன்று குழந்தைகள். ஆனால் ஓர் ஆளின் சராசரி மின்நுகர்வு தமிழ்நாட்டினுடையதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தை குறைந்த மாநிலம் அதிகம் எரிக்கிறது, குழந்தை மிகுந்த மாநிலம் குறைவாக எரிக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் வந்ததால் எங்கள் தெருப் பெண்களின் வேலைச் சுமை எவ்வளவு குறைந்தது என்பதைப் பார்த்தவன் நான். காரணத்தைத் தேடும்போது அது எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறப்பு எப்படிக் குறைந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மக்கள்தொகையைக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்று கோருபவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 1991 கணக்கெடுப்பின்போது கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மூதாட்டியிடம், இதுவரை பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்போர் எத்தனை என்று கேட்டேன். "ஏழு பெத்தேன் சார், மூணு தங்குச்சு" என்றார். அவருடைய மகளுக்கு மூன்று பிறந்தன, மூன்றும் தங்கின. அந்த மகளின் மகளைப் பத்தாண்டு கழித்து அதே குப்பத்தில் பார்த்தபோது, அவர் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரே குழந்தையோடு இருந்தார். எந்த அதிகாரியும் அவரை மிரட்டவில்லை. பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பள்ளியில் மதிய உணவு இருந்தது, பெண் படித்தாள், திருமணம் தள்ளிப் போனது. இவற்றுக்கும் முன்னால், 1920களின் இறுதியிலேயே பெரியார் தன் குடிஅரசு இதழில் கர்ப்பத்தடையைப் பெண்ணின் உரிமையாக எழுதியிருந்தார். நாட்டின் ஏழ்மையைக் காட்டியோ தாயின் உடல்நலத்தைக் காட்டியோ மட்டும் அதைக் கேட்பவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண் விடுதலைக்காகக் கேட்டார் என்பது எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு தடை இருக்கிறது, காலம். நாளையே உலகமெங்கும் தம்பதிக்கு இரண்டு குழந்தை என்று ஆனாலும், 2050-இல் வாழப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அவர்கள் வளர்ந்து, மணந்து, பிள்ளை பெறும்வரை எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் இருக்கும். வேகமாகப் போகும் ரயிலில் பிரேக் போட்ட பிறகும் வண்டி ஓடி நிற்பதைப் போல. ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். பருவநிலைக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உமிழ்வை இந்த 25 ஆண்டுகளுக்குள் பெருமளவு குறைத்தாக வேண்டும். பிரையன் ஓ'நீல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள்தொகை வளர்ச்சி மெதுவானால் 2050-க்குள் தேவைப்படும் குறைப்பில் 16 முதல் 29 விழுக்காடு வரை அதிலிருந்து கிடைக்கலாம் என்று கண்டது. அது சிறிய உதவி இல்லை. ஆனால் மீதி எழுபது எண்பது விழுக்காடு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முதல் அணியிடம் பதில் இருந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் மாலையில் நடக்கும் கடற்கரையே சான்று. காந்தி சிலைக்கு எதிரே ஒரு காலத்தில் அகலமான மணல்வெளி இருந்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பது. அந்த ஓட்டத்தைக் கல் அணை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை பட்டினி கிடந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வழியாக வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வீடுகளைத் தொட்டது. அங்கங்கே தூண்டில் வளைவு, அதாவது அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டும் கல் அணை, கேட்டுப் போராட்டம், ஒரு வளைவு கட்டினால் அடுத்த ஊரில் அரிப்பு. இத்தனை ஆண்டுகளில் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களை நான் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கடல் மட்டம் உயர்கிறது என்றார் ஒருவர். கரையில் ஜனம் பெருத்துப் போச்சு என்றார் இன்னொருவர். கடல் மட்டம் உயர்வது உண்மைதான், 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி 20 சென்டிமீட்டர். ஆனால் அந்த மணலை ஓரிரு பத்தாண்டுகளில் தின்றது அந்த உயர்வு அன்று. மணலின் வழியை மறித்த கல். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதைச் சரியாகக் கணித்துத் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலில் எஃகாலான ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை மூழ்கடித்த பிறகுதான், கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. மக்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் ஒரு கூடை மணல்கூட வந்திருக்காது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே எதிரணி கண்ணை மூடிக்கொள்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும், வங்கக்கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது, ஆகவே இத்தகைய மழைக்கு இனி நாம் பழக வேண்டியிருக்கும். ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. அந்த வாரத்தில் என்னால் எண்ணிக்கையை மறக்க முடியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கடலூர் மாவட்டத்தில் 700 அளவில். புதுச்சேரியில் 2,500-க்கும் மேல். ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றது. அவை தாழ்வான இடங்கள், தண்ணீர் தேடிப்போகும் இடங்கள். அந்த இடத்தில் வீடு இருக்கிறதா, எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரே மழை செய்தியாகவோ பேரிடராகவோ ஆகிறது. குடிநீரும் அப்படியே. எங்கள் மாவட்டத்து வீராணம் ஏரி, சோழர் காலத்தில் வயலுக்காக வெட்டப்பட்டது. 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே தாகம் தீர்க்கிறது. மழை தப்பும் ஆண்டில் அந்த ஏரித் தண்ணீருக்கு எத்தனை லட்சம் பேர் காத்திருக்கிறார்கள் என்பது மிக முக்கியமான எண். ஆட்களின் எண்ணிக்கை பொருட்டே இல்லை என்று சொல்பவர் வெள்ளத்தில் படகு ஒதுக்கும் வேலையை ஒருநாள் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கேயும் எண்ணிக்கை தனியாக ஆளைக் கொல்வதில்லை. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் அதே கரையை ஃபைலின் தாக்கியபோது அங்கே மக்கள் முன்பைவிட அதிகம். இறந்தவர்களோ ஐம்பதுக்கும் குறைவு. இடையில் வந்தவை புயல் காப்பகங்களும், முன்னெச்சரிக்கையும், லட்சக்கணக்கானோரை உரிய நேரத்தில் வெளியேற்றிய ஏற்பாடும்தான்.

எதிரணியின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். அது வெறும் கற்பனை இல்லை. 1798-இல் மால்தஸ், 1968-இல் எர்லிக் என்று, பஞ்சம் வரப்போகிறது என்று சொன்னவர்களின் ஆரூடங்கள் அவர்கள் சொன்னபடி நடக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் சட்டமாகவும் ஆணையாகவும் இறங்கியபோது நடந்தவை உண்மை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. பல இடங்களில் விருப்பம் கேட்கப்படவில்லை. ஆண்களிடையே அது விதைத்த அச்சம் இன்னும் போகவில்லை. விளைவு, இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; அதைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பூமியின் சுமையை இறக்கும் வேலை என்று வந்தபோது அது யார் உடம்பில் இறக்கப்பட்டது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இப்போதோ காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கப்படும் மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே இதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால், புதிய கணக்கெடுப்புக்குப் பின் தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற கவலையில், அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற குரல் மேடைகளில் கேட்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் குறை என்றார்கள், இன்று கூட்டு என்கிறார்கள். இரண்டு முறையும் பெண்ணின் கருப்பையை நோக்கித்தான் பேசுகிறார்கள். தொகுதிப் பங்கீட்டில் நியாயம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெற வேண்டும்.

உங்கள் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவர் கையில் ஓர் எண் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். 2017-இல் வைன்ஸ், நிக்கோலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர், ஒரு குழந்தையைக் குறைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 58.6 டன் உமிழ்வு மிச்சம் என்று எழுதியது உலகெங்கும் பரவிய எண். அது எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் போன்ற நாடுகளின் கணக்கை எடுத்துக்கொண்டு, குழந்தையின் வாழ்நாள் உமிழ்வில் பாதி, பேரக்குழந்தையினுடையதில் கால் பங்கு என்று வரப்போகும் தலைமுறைகளையெல்லாம் பெற்றோர் கணக்கில் ஏற்றி, அத்தனை தலைமுறைகளும் இன்றைய அளவிலேயே எரித்துக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உமிழ்வு குறையவே குறையாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு பெருக்கியிருக்கிறார்கள். உமிழ்வு குறைந்தால் அந்த எண்ணும் சுருங்கிவிடும். குறையாவிட்டால் ஒரு குழந்தை பிறக்காததால் இந்தக் கரை பிழைக்கப்போவதும் இல்லை. நகரத்து நடுத்தரக் குடும்பத்துக் குழந்தை இந்தியச் சராசரியைவிடக் கூடுதலாக எரிக்கும் என்பது உண்மை. அதைக் கூட்டிப் போட்டாலும் 58.6 டன்னுக்கு அருகில் போகாது.

ஆகவே அந்த எண்ணுக்காக அவர் குழந்தை வேண்டாம் என்று நினைத்திருந்தால், அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைக்கலாம். அவருக்கே விருப்பமில்லை என்றால், அதற்குப் பருவநிலையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவை இல்லை. விருப்பமில்லை என்பதே போதிய காரணம். பெரியார் எழுதி நூறாண்டு ஆகப்போகிற மண்ணில் அதற்கு மேல் ஒரு பெண் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவிடம் வாதம் செய்யாதீர்கள். தேவனாம்பட்டினத்து மூதாட்டியைப் போல, பெற்றது தங்குமா என்று பயந்த தலைமுறையின் நிழலில் வளர்ந்தவர் அவர். அக்கா பயப்படுவது வேறொன்றுக்கு. வரப்போகிற கோடைகளும் புயல்களும் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அக்கா பயப்படுகிறார் என்பதை அம்மாவிடம் யாராவது எடுத்துச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். ஃபெஞ்சல் இரவில் உங்கள் வீட்டில் எல்லோரும் விழித்திருந்திருப்பீர்கள். அந்த இரவிலிருந்து பேச்சைத் தொடங்கினால் அம்மாவுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.